திட்டியவனை அடித்தால் கோர்ட் என்ன சொல்லும்? தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரப் பக்கத்து அனுபவங்கள்

சாட்ஸ்வர்த்காரர்:
கொரோனாவுக்கு முன் நடந்தது. மால் பார்க்கிங்கில் ஒருவன் என் மச்சானை, இந்தியர்களை இழிவாகச் சொல்லும் ‘கூலி’ என்ற வார்த்தையில் தொடங்கி, அம்மாவையும் இழுத்துத் திட்டினான். மச்சான் சாமான்களை டிக்கியில் அடுக்கி, மூடிவிட்டு, திரும்பி நடந்து போய் ஓங்கி ஓர் அறை விட்டார். அசால்ட் கேஸ். குற்றத்தை ஒப்புக்கொண்டு ஃபைன் கட்டினால் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்றார்கள் ஸ்டேஷனில். சித்தப்பா விடவில்லை. அப்போதெல்லாம் அப்படிக் கட்டினாலும் கிரிமினல் ரெக்கார்டு விழும்.

வக்கீல் முதல் நாளே சொல்லிவிட்டார்: இந்த நாட்டில் வெறும் வார்த்தை, அடித்ததை நியாயமாக்காது, தண்டனையைக் குறைக்கத்தான் உதவும். அரசு வக்கீல் திட்டைப் பற்றிக் கேட்கவே இல்லை, டிக்கியைப் பற்றித்தான் கேட்டார். “சாமானை அடுக்குகிற அளவுக்கு நிதானம் இருந்ததல்லவா?” மச்சான் வாயே திறக்கவில்லை. குற்றவாளி என்றுதான் தீர்ப்பு. திட்டியதைக் கணக்கில் எடுத்து ஃபைனை நிறுத்திவைத்தார் மாஜிஸ்ட்ரேட். ரெக்கார்டு எப்படியும் விழுந்தது. சித்தப்பாவிடம் அதை யாரும் பேசுவதில்லை.

வெருலத்திலிருந்து:
எங்கள் அக்கா கடையில், கல்லாவுக்கு எதிரே நின்று ஒருவர் காதால் கேட்க முடியாத பேச்சு பேசினார். அக்கா கை நீட்டவில்லை. கேமராவில் சத்தமும் பதிவாகியிருந்தது. நேரே போய் ‘கிரிமென் இஞ்சூரியா’ கேஸ் கொடுத்தார். ஒருவர் மானத்தைக் குலைப்பதே இங்கே தனிக் குற்றம். விக்கி மொம்பெர்க் வழக்கு பலருக்கு நினைவிருக்கும். 2016-ல் ஜோஹன்னஸ்பர்க்கில் கறுப்பினப் போலீஸ்காரரை இனத்தைச் சொல்லித் திட்டினார். 2018-ல் 3 வருடச் சிறை, அதில் ஒரு வருடம் நிறுத்திவைப்பு. அக்காவைப் பேசியவர் கோர்ட் தேதிக்கு முன்பே மன்னிப்புக் கேட்டு வந்துவிட்டார்.

பீனிக்ஸ்வாசி:
அக்காவுக்குக் கேமரா இருந்தது, சரி. எனக்கு மினிபஸ் டாக்ஸியில் நடந்ததற்கு யார் சாட்சி? அடி வாங்கினவன் வீங்கின முகத்தைக் காட்டுவான், திட்டு வாங்கினவன் எதைக் காட்டுவான்? புகார் கொடுக்கப் போனேன். கவுண்டரில் இருந்தவர் சிரித்தே அனுப்பிவிட்டார்.

இந்தப் பேச்சு வந்தாலே ஈடி என்பவரின் கொலை வழக்கைக் காட்டுகிறார்கள். ரோட்டில் கார் ஓட்டும் தகராறு, ஹாக்கி மட்டையோடு இறங்கி எதிராளியை அடித்தே கொன்றார். கோபம் தலைக்கேறியது வேறு, தன்னை அடக்கும் திறனே போனது வேறு என்று 2002-ல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. கொலைக்கு அது சரிதான். ஆனால் இந்த நாட்டின் டிரான்ஸ்கை பகுதிக்கு 1886-ல் வந்த தண்டனைச் சட்டத்தைப் பாருங்கள்: சாதாரண மனிதன் நிதானம் இழக்கும் அளவுக்கு அவமதிக்கப்பட்டு, அந்தச் சூட்டிலேயே கொன்றால் குற்றம் கொலையிலிருந்து ஒரு படி இறங்கும் என்று அதில் இருந்தது. உயிர் போன விஷயத்திலேயே அப்படி ஒரு படி வைத்திருந்தார்கள். ஓர் அறைக்கும் அந்தப் படி வேண்டும் என்பது என் கட்சி. டிக்கியை மூடிவிட்டு வந்தவருக்கு அல்ல, கேட்ட நொடியில் கை ஓங்கியவருக்கு.