மறு: வேலையிழப்புக் காப்பீட்டில் ‘பங்களிப்புக் காலம்’

வணக்கம் நண்பர்களே,

வேலையிழப்புக் காப்பீட்டுக்கு ஒருவர் சந்தா கட்டிய காலத்தைத் தமிழில் ‘பங்களிப்புக் காலம்’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்று முந்தைய மடலில் வந்த யோசனையில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. நம் ஈ.எஸ்.ஐ.யில் (தொழிலாளர் அரசுக் காப்பீட்டில்) அந்தப் பெயர் ஏற்கெனவே வேறொன்றுக்குப் போய்விட்டது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. முதன்முறை வேலைக்குச் சேர்பவரின் முதல் காலம் தவிர, இந்த எல்லை நகராது. முதல் அரையாண்டில் 78 நாளுக்காவது சந்தா போயிருந்தால், அடுத்த ஜனவரி–ஜூனில் நோய்க்காலப் பணம் கேட்கலாம்.

ஜெர்மனியின் வேலையிழப்புக் காப்பீட்டில் பேச்சே வேறு. ஆள் மொத்தம் எத்தனை மாதம் கட்டினார் என்பதுதான் அங்கே கணக்கு. 12 மாதம் கட்டியவருக்கு 6 மாதம் பணம் வரும். 16க்கு 8, 20க்கு 10, 24க்கு 12. 50 வயது ஆகாதவருக்கு அதோடு சரி. 58 முடிந்தவர் 48 மாதம் கட்டியிருந்தால் 24 மாதம் வாங்கலாம். கட்டிய மாதங்களைக் கட்டுகாலம், பணம் வரும் மாதங்களைப் பெறுகாலம் என்கிறேன். ‘பணம் கட்டுவது’ என்றுதானே ஊரில் எல்லாரும் சொல்கிறோம்?

வில்லங்கம் மூன்றாவது சொல்லில்தான்: கட்டியதைக் கணக்கிட எவ்வளவு காலம் பின்னே போய்ப் பார்ப்பது என்ற சாளரத்துக்கான சொல். தகுதி பெற, அந்த 12 மாதம் கடைசி 30 மாதத்துக்குள் விழ வேண்டும் (2020க்கு முன் இது 24 மாதம்). ஆனால் எத்தனை மாதம் பணம் தருவது என்று பார்க்கும்போது ஐந்து ஆண்டு பின்னே போகிறார்கள். ஒருவர் கடைசி 30 மாதத்தில் 12 மாதமும், அதற்கு முந்தைய 30 மாதத்தில் இன்னொரு 12 மாதமும் கட்டி, நடுவில் பணம் எதுவும் வாங்கவில்லை என்றால், அவருக்கு ஓராண்டு கிடைக்கும். இரண்டு சாளரத்தையும் ஒரே சொல்லால் எழுதினால் படிப்பவர் ஆறு மாதம் என்றே நினைத்துக்கொள்வார்.

எனவே அந்தச் சாளரத்துக்கு நோக்குகாலம் என்கிறேன்; தேவைப்படும் இடத்தில் தகுதி நோக்குகாலம், கணக்கு நோக்குகாலம். ஸ்பெயினுக்கு வெறும் நோக்குகாலமே போதும். அங்கே இரண்டுக்கும் கடைசி 6 ஆண்டுதான்: 360 நாள் கட்டினால் 120 நாள், 2,160 கட்டினால் 720; வயதுக்கு இதில் வேலையில்லை.

‘நோக்கு’ என்றதும் சிலருக்கு நோக்கம் நினைவுக்கு வரலாம். ‘பின்னோக்குக் காலம்’ தெளிவுதான், ஆனால் அட்டவணைத் தலைப்பில் அடங்காது. வேறு நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள், மாற்றிக்கொள்ளலாம். ‘தகுதிகாண் காலம்’ மட்டும் வேண்டாம். அரசு ஊழியர்கள் அதைப் பார்த்தால் புரொபேஷன் என்றுதான் படிப்பார்கள்.