தப்பித்தலா, விலக்கா: பின்சாய்வுக்கு ஒரு சொல்

அன்பின் நண்பர்களே,

கணினியில் ஒரு குறியின் வழமையான வேலையை மாற்ற அதன் முன்னால் பின்சாய்வு (\) போடுவதை ஆங்கிலத்தில் ‘escape’ என்பார்கள். அதற்குத் தமிழில் ‘தப்பித்தல்’ என்ற சொல்லை என்னால் ஏற்க ஏலாது. காரணம் சென்ற கிழமை கல்லடியில் கண்ணால் கண்டது. என்னிடம் படிக்க வரும் பிள்ளையொன்றிடம் நாங்கள் தமிழாக்கிய மென்பொருள் கையேட்டைக் கொடுத்துச் செய்து பார்க்கச் சொன்னேன். இரண்டு உடுக்குறிகளுக்கு (*) நடுவில் உள்ளதைச் சாய்த்துக் காட்டும் எழுத்துமுறையான மார்க்டவுனில் 5*12*3 என்று தட்டினாள். திரையில் 5123 என்று வந்தது, நடுவில் 12 மட்டும் சாய்ந்து நின்றது. பெருக்கல் குறி இரண்டையும் காணோம். கையேட்டைப் பார்த்தாள்: ‘உடுக்குறியைத் தப்பிக்கச் செய்க.’ உடனே இரண்டு உடுக்குறியையும் அழித்துவிட்டு, “தப்பிட்டுது சேர்” என்றாள்.

அவளில் பிழை இல்லை. தப்பியது என்றால் போய்விட்டது என்றுதானே பொருள்? இங்கே குறி எங்கும் போவதில்லை. 5\*12\*3 என்று முன்னால் பின்சாய்வு போட்டால், அது இருந்த இடத்திலேயே தெரிகிறது. எழுத்தைச் சாய்க்கும் வேலை மட்டும்தான் அதற்கு இல்லை.

ஆகவே ‘விலக்கு’ என்பேன். வரிவிலக்கு எல்லோருக்கும் தெரிந்த சொல்: ஆள் இருக்கிறார், வரி இல்லை. பின்சாய்வு ‘விலக்குக்குறி’, செயல் ‘விலக்களித்தல்’.

இதற்கே முன்மடலில் ஒருவர் சொன்ன ‘காப்பிடு’ எனக்கும் பிடித்தது, கோயில் திருவிழாவில் கையில் கட்டும் காப்பு நினைவுக்கு வருவதால். ஆனால் காப்புநகல், காப்புரிமை என்று அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேலை அதிகம்.

கடினமான கேள்வி இன்னொன்று. பைதன் என்ற நிரல்மொழியில் மேற்கோளுக்குள் பின்சாய்வும் ‘என்’ (n) எழுத்தும் சேர்ந்தால் புதுவரி. சாதாரண எழுத்துக்கு அங்கே புது வேலையே கிடைக்கிறது, அது எப்படி விலக்காகும்? இரண்டு இரவு இதையே யோசித்தேன். வழமையிலிருந்து விலக்கு என்று பார்த்தால் சரிவருகிறது. உடுக்குறியின் வழமை எழுத்தைச் சாய்ப்பது, ‘என்’ எழுத்தின் வழமை ‘என்’ ஆகவே நிற்பது. பின்சாய்வு வந்ததும் இரண்டும் தத்தம் வழமையை விடுகின்றன. தப்பித்தலும் காப்பும் இந்த இரண்டாவது இடத்தில் நிற்கமாட்டா.

1936இல் சென்னையில் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய விபுலாநந்த அடிகள் நம் காரைதீவில் பிறந்தவர். அந்தப் பக்கத்திலிருந்து போகும் சொல் ஒரு பிள்ளையைக்கூடக் குழப்பக் கூடாது என்பது என் ஆசை.

ஒரு கவனம் வேண்டும். ‘உடுக்குறியை விலக்கு’ என்று எழுதினால் நீக்கு என்றுதான் படிப்பார்கள், பழையபடி அழிப்பார்கள். ‘உடுக்குறிக்கு விலக்களிக்க’ என்றே எழுதுவோம். கையேட்டில் அந்த வரியைத் திருத்திவிட்டேன். நாளை, இந்தக் கதை தெரியாத இன்னொரு பிள்ளையிடம் கொடுத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.