காஸ் ஊர் மரமில்லுல குளம் எதுக்கு?

தம்பி: மாமா, மேற்கு வர்ஜீனியா காஸ் ஊர் மரமில் பழைய போட்டோ இது. 1902ல ஓட ஆரம்பிச்ச மில். பக்கத்துல குளத்துல மரத்தடியா மிதக்குதே, எதுக்கு?

பெரிய மாமா: கழுவத்தான்பா. குதிரை கட்டி மலைச்சரிவுல இழுத்து வந்த தடி. பட்டை முழுக்க மண்ணும் சரளையும். ஒரு கல்லு மாட்டுனா போதும், பேண்ட்சா, அதான் நாடா மாதிரி சுத்துற ரம்பம், அதோட பல்லு போச்சு. மழுங்குன பிளேடு நேரா ஓடாது. பலகை ஒரு இடத்துல தடிப்பு, ஒரு இடத்துல மெலிசு.

சித்தப்பா: கழுவ மட்டும் இல்ல மாமா. எவ்வளவு கனத்த தடியா இருந்தாலும் தண்ணியில ஒரு ஆளே கொக்கிக்கம்பால தள்ளி, தடியை மில்லுக்குள்ள ஏத்துற சங்கிலிக்கு நேரா கொண்டுவந்திடலாம்.

பெரிய மாமா: சரிதான். ஆனா உயிர்நாடி பிளேடுதான். மழுங்குனா சூடாகும், சூட்டுல ஓரம் நீண்டு தொய்யும், தொய்ஞ்சா இன்னும் கோணும். கடைசியில பல்லுக்கும் பல்லுக்கும் நடுவுல இருக்குற குழியில விரிசல். கவனிக்காம ஓட்டுனா அறுந்து வீசும். அதனால நடுப்பகுதியை ரோலர்ல விட்டு லேசா நீட்டி வைப்பாங்க, ஓரம் விறைப்பா நிக்கும். சாணை பிடிக்கிறவருக்கு மில்லுல பெரிய சம்பளம். அந்தக் கைக்கு அது தகும்.

அக்கா: பனிக்காலத்துல குளம் உறையாதா?

பெரிய மாமா: உறையும். அதைத் தடுக்க அந்தக் காலத்து மில்லுங்கள்ல இன்ஜின் கழிவு நீராவியைக் குளத்துலயே விடுவாங்க. உறைஞ்ச பட்டையில மண்ணு கல்லாட்டம் நிக்கும், பல்லுக்கு எமன்.

தம்பி: மில்லுக்குத் தடி கொண்டுவந்த மலை ரயில் பாதை 11% வரைக்கும் ஏற்றமாம். இன்ஜின் வழுக்காதா?

சித்தப்பா: 100 அடிக்கு 11 அடி! சாதா இன்ஜின் திணறிடும். அங்க ஓடுனது ஷே இன்ஜின். மிஷிகன்ல மரத்தொழில் பண்ணுன எப்ரைம் ஷே 1881ல காப்புரிமை வாங்குனது. சிலிண்டரெல்லாம் வலப்பக்கம் செங்குத்தா நிக்கும். அது சுத்துற நீளத்தண்டு பல்சக்கரம் வழியா எல்லாச் சக்கரத்தையும் ஓட்டும், தண்ணி ஏத்துற டெண்டர் சக்கரம் உட்பட. மொத்த எடையும் பிடிப்பா மாறுது. வேகம் கிடையாது, இழுவை உண்டு.

அக்கா: வளைவுல அந்தத் தண்டு உடையாதா?

சித்தப்பா: நடுநடுவுல எந்தப் பக்கமும் மடங்குற யுனிவர்சல் ஜாயின்ட், நீண்டு சுருங்குற மூட்டு இருக்கும். வலப்பக்கப் பாரத்தைச் சரிக்கட்ட பாய்லரை இடப்பக்கம் தள்ளி வச்சிருப்பாங்க.

தம்பி: இப்பவும் ஓடுதா?

சித்தப்பா: மில் 1960ல மூடுனாங்க. பாதை 1963லேர்ந்து சுற்றுலா ரயில். 1905ல செஞ்ச 5ஆம் நம்பர் ஷே அங்கதான் இருக்கு. போட்டோ தேடுனா வலப்பக்கம் எடுத்ததா பாரு. இடப்பக்கத்துல தண்டும் பல்சக்கரமும் தெரியாது.