ஆச்சி கதை சொன்னா நியூஸ் வாசிக்கிற மாதிரி இருக்கு, ஹெல்ப் பண்ணுங்க

எல்லாருக்கும் வணக்கம். ஒரு சிறுகதை எழுதிட்டு இருக்கேன், திருநெல்வேலி பக்கத்து ஆச்சி ஒருத்தி தானே சொல்ற மாதிரி, வசனத்துல "என்னலே, எங்க போற"ன்னு நல்லா வருது ஆனா அடுத்த வரியிலயே "அவன் அவ்விடம் விட்டுச் சென்றான்"னு போயிடுது, படிச்சா ஆச்சிக்குள்ள ஒரு ஹெட்மாஸ்டர் பூந்த மாதிரி இருக்கு 😅

எழுத்தாளர் கி.ரா. (கி. ராஜநாராயணன்) எழுத்துல கதை சொல்ற குரலே கோவில்பட்டி பக்கத்து கரிசல் பேச்சாதான் இருக்கும், அவருக்கு 1991ல சாகித்ய அகாடமி விருதே கெடச்சுது, அதனால முழுசா பேச்சுல எழுதலாம்னு தைரியமா உக்காந்தேன். ஆனா "சொல்லுதேன், போறாவ, வந்தாவ"ன்னு நாலு பக்கம் போனா கோயம்புத்தூர்காரங்க திணறுவாங்களோ?

இன்னொண்ணு டோன். எழவு வீட்டு சீன், ஆச்சி அழுதுக்கிட்டே செத்தவரை நக்கல் பண்ணணும் (எங்க ஊர்ல சகஜம்). நான் எழுதினா ஒண்ணு இரங்கல் போஸ்டர் மாதிரி வருது, இல்ல காமெடி ட்ராக் ஆயிடுது.

வட்டார வழக்குல எழுதுறவங்க யாராச்சும் இருந்தா, வினைச்சொல்லை மட்டும் பேச்சுல வச்சா போதுமா, நக்கலை எந்த எடத்துல நிறுத்துவீங்க? ரெண்டு பத்தி கமெண்ட்ல போடுறேன், தயவுதாட்சண்யம் பாக்காம திட்டுங்க.