கட்டிலின் குறுக்கு மரத்துக்கு ‘வரிச்சு’ சரிப்படுமா?

நண்பர்களுக்கு வணக்கம். கட்டில் பழுதுபார்க்கும் குறிப்பு ஒன்றைத் தமிழில் எழுதுகிறேன். மெத்தையைத் தாங்கக் கட்டிலில் குறுக்கே வரிசையாகப் போடும் மரத்துக்கு (ஆங்கிலத்தில் slat) என்ன பெயர் வைப்பது என்பதுதான் கேள்வி. வந்த கருத்துகளை மேற்கோளாகக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் கீழே பதில் எழுதியிருக்கிறேன்.

> ‘ஸ்லாட்’ என்றே எழுதிவிட்டுப் போகலாமே, எல்லாருக்கும் புரியும்.

புரியவில்லை என்பதுதான் சிக்கலே. கட்டில் பழுதுபார்க்கும் குறிப்பை முதலில் அப்படித்தான் எழுதினேன். ‘உடைந்த ஸ்லாட்டைக் கழற்றிவிட்டு, ஸ்லாட்டின் முனையைச் சுத்தம் செய்யவும்’ என்று ஒரு வரி. படித்தவர் திருகாணித் துளையைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. இந்த மரத்துக்கும் (slat) துளைக்கும் (slot) ஆங்கிலத்தில் ஓர் உயிரெழுத்துதான் வேறுபாடு, தமிழில் எழுதினால் அதுவும் போய்விடுகிறது. ‘ஸ்லேட்’ என்று மாற்றினாலோ பல்பம் நினைவுக்கு வருகிறது.

> அப்படியானால் ‘சட்டம்’?

கட்டிலைச் சுற்றியிருக்கும் மரங்களுக்கு அந்தப் பெயரைக் கொடுத்தாயிற்று. இதையும் சட்டம் என்றால் ‘சட்டத்தின் மேல் சட்டத்தை வைத்து’ என்று எழுத வேண்டிவரும். ‘பலகை’ அகலமானது. மெத்தைக்குக் கீழே முழுப் பலகை போட்ட கட்டில்களும் உண்டு, அந்தச் சொல் அதற்கு வேண்டும். ‘பட்டை’ என்றால் மரவேலைக்காரருக்கு மரத்தோல்.

என் பரிந்துரை ‘வரிச்சு’. ஓட்டுக்கூரையில் கைமரங்களுக்குக் குறுக்கே வரிசையாக அடிக்கும் ஒல்லியான மரம் வரிச்சு. மெலிசாக இருப்பது, குறுக்கே கிடப்பது, இடைவெளிவிட்டு வரிசையாக வருவது, மேலே இருப்பதைத் தாங்குவது எல்லாமே கட்டிலுக்கும் பொருந்துகின்றன. மரக்கடையில் ‘ரீப்பர்’ என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள் என்பது தெரியும். முதல் முறை வரும்போது அதையும் பக்கத்தில் எழுதிவிடலாம்.

> வரிந்து கட்டுவதால் வரிச்சு. கட்டிலில் திருகாணி அல்லவா போடுகிறோம்?

ஓட்டுக்கூரையில் மட்டும் என்ன, ஆணிதான் அடிக்கிறார்கள். பெயர் போகவில்லையே. (பன்மை வரிச்சுகளா வரிச்சுக்களா என்ற சண்டையை வேறு இழையில் வைத்துக்கொள்வோம்.)

> ஒரு சொல்லை மட்டும் வைத்துக் குறிப்பு முழுவதையும் எழுத முடியுமா?

எழுதிப் பார்த்தேன். நீங்களே பாருங்கள்:

“வரிச்சு எப்படி உடைந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். இழைப்போக்கில் நீளவாக்காகப் பிளந்திருந்தால் பிளவுக்குள் மரப்பசை செலுத்தி, கிளாம்ப் போட்டு இறுக்கி ஒரு நாள் விடலாம். இழைக்குக் குறுக்கே முறிந்திருந்தால் பசை மட்டும் நிற்காது. முறிவின் இரு பக்கமும் தாராளமாக நீளும்படி ஒரு துணைவரிச்சை ஒட்டித் திருக வேண்டும். திருகுமுன் சிறு துளை போட்டுக்கொள்ளாவிட்டால் மரம் மறுபடி பிளக்கும். இது தற்காலிக ஏற்பாடுதான், மாற்றிவிடுவதே நல்லது.

புதிய வரிச்சைப் பக்கச் சட்டங்களுக்கு இடையிலுள்ள அகலத்தைவிட ஐந்து மி.மீ. குறைவாக வெட்டுங்கள். முனைகள் தாங்குகட்டையில், அதாவது பக்கச் சட்டத்தின் உட்புறம் வரிச்சைத் தாங்கும் கட்டையில், நன்றாக உட்கார வேண்டும். நடுவில் கணு உள்ள மரம் வேண்டாம், பெரும்பாலும் அங்கேதான் முறியும். தடிமனை இரட்டித்தால் வலு நான்கு மடங்காகும், அதே பாரத்துக்கு வளைவு எட்டில் ஒரு பங்காகக் குறையும். அகலத்தை இரட்டித்தால் வலு இரண்டு மடங்குதான். அதற்காக உடைந்த ஒன்றை மட்டும் தடிமனாக மாற்றாதீர்கள். அது மற்றவற்றைவிட உயர்ந்து நின்று முதுகைக் குத்தும்.”

படிக்கத் தடுக்கவில்லை என்றே நினைக்கிறேன். ‘துணைவரிச்சு’ தானாக வந்து விழுந்தது. முதலில் எலும்பு முறிவுக்கு வைத்துக் கட்டும் ‘சிம்பு’ என்றுதான் எழுதினேன். அழகான சொல், ஆனால் மரம் சிதறித் தெறிக்கும் சிறாய்க்கும் சிம்பு என்பார்கள். உடைந்த மரத்தைப் பற்றிய குறிப்பில் அது குழப்பும்.

மெல்லிய மரத்தாள்களை ஒட்டி, லேசாக வளைத்துச் செய்யும் வகைக்கு ‘வில்வரிச்சு’. வளைவு மேல்நோக்கி இருக்க வேண்டும் என்பதைப் பெயரே சொல்லாதுதான், ஆனால் மிதித்தால் அமுங்கி நிமிரும் என்பதைச் சொல்லிவிடுகிறது. அகலமான கட்டிலில் வரிச்சுகளை நடுவில் தாங்கும் மரத்துக்கு ‘நடுவிட்டம்’. வட்டத்தின் விட்டம் குறுக்கே வருமே என்று யாரும் கேட்க வேண்டாம், வீட்டு விட்டமும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அப்புறம், நடுவிட்டத்தின் கால் தரையைத் தொடாமல் தொங்கினால் எத்தனை வரிச்சு மாற்றினாலும் உடைந்துகொண்டே இருக்கும். குறிப்பில் இதை முதல் வரியாகவே போடப்போகிறேன்.

இன்னும் பிடிபடாதது ஒன்றுதான். வில்வரிச்சின் முனையைச் செருகும் அந்தச் சின்னப் பிளாஸ்டிக் கூடு. பல நேரம் மரம் நன்றாக இருக்கும், இதுதான் விரிந்து வரிச்சை நழுவவிடும். ‘முனையுறை’ என்றால் வெறும் தொப்பிபோல் இருக்கிறது, சட்டத்தோடு பிடித்து நிறுத்தும் வேலை அதில் இல்லை. ‘வரிச்சேந்தி’ என்று ஒருவர் தனிமடலில் சொன்னார். வாயில் நுழைய எனக்கே இரண்டு முறை ஆயிற்று. வேறு ஏதாவது தோன்றுகிறதா?