பாடியவருக்கே பிடிக்காத பாட்டு முதலிடத்துக்குப் போனது எப்படி?

கேள்வி (கிட்டார் பழகுபவன்)

வணக்கம். கப்பலில் வேலை பார்த்த என் பெரியப்பாவின் பெட்டியில் கொஞ்சம் கன்ட்ரி (அமெரிக்க நாட்டுப்புறப் பாணி இசை) கேசட்டுகள் இருந்தன. அதில் ஒன்றில் அமெரிக்கப் பாடகர் ஜார்ஜ் ஜோன்ஸ் பாடிய ‘ஹீ ஸ்டாப்ட் லவிங் ஹர் டுடே’ (இன்று அவளை நேசிப்பதை நிறுத்திவிட்டான்) இருக்கிறது. போன மாதம்தான் உட்கார்ந்து முழுசாகக் கேட்டேன். அன்றிலிருந்து வேறு பாட்டு ஓடவில்லை.

எனக்கு இரண்டு சந்தேகம். இந்தப் பாட்டு ஜோன்ஸுக்கே பிடிக்கவில்லை என்று ஓரிடத்தில் படித்தேன். உண்மையா? அப்புறம், கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் பாடுவதை நிறுத்திவிட்டுச் சும்மா பேசுகிறார். அந்த இடத்தில் ஒவ்வொரு தடவையும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. அதை ஏன் பாடாமல் பேசினார்?

கேட்கக் காரணம் இருக்கிறது. நானும் ஒரு பாட்டு எழுதி வைத்திருக்கிறேன். கேட்ட நண்பர்கள் எல்லோரும் பல்லவியைத் தூக்கி முதலில் வை என்கிறார்கள். ஜோன்ஸ் பாட்டில் பல்லவி வருவதற்குள் பாதிப் பாட்டு முடிந்துவிடுகிறதே!

பதில் 1 (ரேடியோ காதலன்)

பிடிக்கவில்லை என்பது உண்மைதான். இவ்வளவு சோகத்தை எவன் காசு கொடுத்து வாங்குவான் என்று தயாரிப்பாளர் பில்லி ஷெரிலிடம் ஒரு கெட்ட வார்த்தையும் சேர்த்துச் சொன்னாராம். 1980 ஏப்ரலில் எபிக் என்ற இசைத்தட்டுக் கம்பெனி சிங்கிளாக (தனிப் பாட்டாக) வெளியிட்டது. ஜூலையில் பில்போர்ட் என்ற அமெரிக்க இசைப் பத்திரிகையின் கன்ட்ரி பட்டியலில் முதலிடம். அதற்கு முன் ஜோன்ஸ் தனியாகப் பாடி முதலிடம் பிடித்து ஐந்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. இந்தப் பாட்டுக்காக அவருக்கு கிராமி விருது கிடைத்தது. கன்ட்ரி இசைச் சங்கம் 1980, 1981 என இரண்டு வருடமும் இதையே சிறந்த பாடலாகத் தேர்ந்தெடுத்தது.

பதில் 2 (பழைய டேப்)

தம்பி, நான் இருபது வருடத்துக்கு மேலாக ரெக்கார்டிங் வேலையில் இருப்பவன். இந்தப் பாட்டைத் தொழில் பாடமாகவே கேட்டிருக்கிறேன். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுதியவர்கள் பாபி பிராடக், கர்லி புட்மேன் இருவரும். ஜோன்ஸின் முன்னாள் மனைவி டாமி வைனெட்டுக்கு 1968-இல் விவாகரத்துப் பாட்டு எழுதிக் கொடுத்ததும் இதே ஜோடிதான். ஷெரில் இந்தப் பாட்டை வந்தபடியே எடுத்துக்கொள்ளவில்லை. திரும்பத் திரும்ப மாற்றி எழுதச் சொன்னார். பாட்டின் நாயகனை விட்டுப் போனவள் அவனுடைய சாவுக்கு வந்தாக வேண்டும், அதை எந்த இடத்தில் வைப்பது என்பதுதான் அவருடைய பிடிவாதம். அந்தப் பிடிவாதத்தில் பிறந்ததுதான் உங்களுக்குத் தொண்டையை அடைக்கிற இடம்.

ஜோன்ஸுக்கு அது மோசமான காலம். குடி, கொகெய்ன், கடன், திவால். மேடைக்கு வராமல் போய்ப் போய் ‘நோ ஷோ ஜோன்ஸ்’ என்றே பெயராகிவிட்டது. ஸ்டுடியோவுக்கு வந்தாலும் வேறு தொல்லை. இந்த வரிகளை எடுத்தால் வாய் தானாக ‘ஹெல்ப் மீ மேக் இட் த்ரூ த நைட்’ மெட்டுக்குப் போய்விடும். அது கிறிஸ் கிறிஸ்டோஃபர்சனின் பாட்டு. இதை ஜோன்ஸே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். பேசுகிற பகுதி மொத்தமே நாலு வரி. ஆனால் முதல் சரணத்தைப் பதிவு செய்ததற்கும் அந்த நாலு வரியைப் பதிவு செய்ததற்கும் நடுவில் சுமார் ஒன்றரை வருடம். காரணத்தை ஷெரில் பிறகு சொல்லியிருக்கிறார்: குடித்திருந்தாலும் ஜோன்ஸால் பாட முடியும், பேச முடியாது, நாக்கு குழறிவிடும்.

மைக்குக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தவர்களுக்கு இது உடனே புரியும். பாடும்போது உயிரெழுத்தை இழுக்கிறோம், மெட்டு ஆளைத் தூக்கிக்கொண்டு போய்விடும். பேச்சில் அந்தத் துணை கிடையாது. ‘ஸ’வும் ‘ட’வும் நேராக மைக்கில் விழும், தடித்த நாக்கை எந்த ரிவெர்பும் (பதிவில் சேர்க்கிற எதிரொலி) மறைக்காது. நான் தொழில் பழகிய ஸ்டுடியோவில் ஒரு தடவை பாடகர் ஒருவரிடம் இரண்டு வரி வசனம் வாங்க ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்தோம். விடியற்காலையில் தயாரிப்பாளர் பொறுமையிழந்து, வசனம் வேண்டாம், வெட்டு என்றார். வெட்டினேன். இன்றைக்கும் அந்தப் பாட்டைக் கேட்டால் அந்த இடத்தில் ஒரு ஓட்டை எனக்குத் தெரியும். ஷெரில் வெட்டவில்லை. அவர் செய்ததிலேயே பெரிய வேலை அதுதான் என்பேன்.

ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு அந்த இடத்தை மறுபடி கேளுங்கள். அவர் பேச ஆரம்பித்ததும் பின்னால் உயரத்தில் ஒரு பெண் குரல், சொல் எதுவும் இல்லாமல் எழும். மில்லி கிர்காம் பாடியது. எல்விஸின் ‘ப்ளூ கிறிஸ்மஸ்’ பின்னணியில் கேட்பதும் அவர் குரல்தான். அவள் வந்து நிற்கிறாள் என்று ஜோன்ஸ் வாயால் சொல்கிறார். வந்தவளின் குரல் போலவே அது கேட்கிறது. இது என் காதுக்குப் பட்டது, வேறு யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

கிட்டார் பழகுபவன்

ரொம்ப நன்றி அண்ணா. இப்போதே மறுபடி கேட்டேன். அந்தப் பெண் குரலை நான் வயலின் என்று நினைத்திருந்தேன்! பல்லவி விஷயம் மட்டும் சொல்லிவிடுங்கள்.

பழைய டேப்

சொல்கிறேன். சரணங்களில் நமக்கு என்னென்ன தெரிகிறது என்று பாருங்கள். அவன் சாகும்வரை நேசிப்பேன் என்றான். அவள் படத்தைச் சுவரில் மாட்டி வைத்திருந்தான். கட்டில் பக்கத்தில் 1962-இல் வந்த கடிதங்கள், அதில் ‘ஐ லவ் யூ’ வருகிற இடமெல்லாம் சிவப்புக் கோடு. அடுத்து, இன்றைக்கு அவனைப் பார்க்கப் போனேன், கண்ணீர் இல்லை, எங்கோ கிளம்புகிறவன் போல உடுத்தியிருந்தான், பல வருடத்துக்குப் பிறகு சிரித்த முகம். அவ்வளவுக்கும் அப்புறம்தான் பல்லவி, இன்று அவளை நேசிப்பதை நிறுத்திவிட்டான் என்று. வாசலில் மலர் வளையம் என்று அடுத்த வரி வரும்போதுதான் ஆள் செத்துவிட்டான் என்று நமக்கு உறைக்கிறது. பல்லவியை முதலில் வைத்தால் அந்தச் சிவப்புக் கோட்டுக்கு உயிர் ஏது?

அதனால் உங்கள் பாட்டிலும் பல்லவியைக் கடைசியில் தள்ளுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பல்லவி ஒரு சேதியைச் சொல்கிறதா, உணர்ச்சியைச் சொல்கிறதா என்று பாருங்கள். உணர்ச்சி என்றால் முதலில் வரலாம், திரும்பத் திரும்ப வரலாம். சேதி என்றால் காத்திருக்கட்டும்.

ரேடியோ காதலன்

ஒன்று விட்டுப்போனது. 2013 மே மாதம் நாஷ்வில்லில் ஜோன்ஸின் இறுதிச் சடங்கு நடந்தது, கன்ட்ரி இசைக்குப் பேர்போன கிராண்ட் ஓல் ஆப்ரி அரங்கில். கன்ட்ரி பாடகர் ஆலன் ஜாக்சன் இந்தப் பாட்டைத்தான் பாடினார். முடிவில் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். வீடியோ கிடைக்கிறது, பாருங்கள்.

கிட்டார் பழகுபவன்

பார்த்துவிட்டேன். என் பல்லவியில் இருப்பது சேதிதான் அண்ணா, அப்பா வீட்டை விற்றுவிட்டார் என்ற சேதி. மூன்றாவது சரணத்துக்குப் பின்னால் வைத்து இன்று ராத்திரி பாடிப் பார்க்கிறேன். போனில் பதிவு செய்து இங்கேயே போடட்டுமா?

பழைய டேப்

போடுங்கள். ஃபேனை அணைத்துவிட்டுப் பதிவு செய்யுங்கள்.