விசாரிக்காமல் விதித்த ஓராண்டுத் தடையை மீளப் பெறலாமா?

வெள்ளைக்கோடு:
வணக்கம். யாழ்ப்பாணத்து வடமராட்சியிலுள்ள ஓர் உதைபந்தாட்டக் கழகத்தின் செயலாளராக மூன்று மாதங்களுக்கு முன்னர் பொறுப்பேற்றேன். சென்ற மாத லீக் போட்டியில் எங்கள் பின்கள வீரர் ஒருவர் எதிரணி வீரரை முழங்கையால் இடித்துச் சிவப்பு அட்டை பெற்றார். லீக் அவருக்கு மூன்று போட்டித் தடை விதித்தது. ஆட்டம் முடிந்து நடுவர்கள் புறப்பட்ட பின்னர், எங்கள் தலைவரின் பெறாமகன் எதிரணிப் பயிற்றுநரைத் தூஷண வார்த்தைகளால் ஏசியதையும் பலர் கேட்டனர். அன்றிரவே தலைவரின் தலைமையில் கூடிய நிர்வாக சபை, பின்கள வீரருக்கு மேலும் ஓராண்டுத் தடை விதித்து, அதை வைபர் குழுவில் இரண்டு வரியில் அறிவித்தது. பெறாமகனைப் பற்றிக் கூட்டறிக்கையில் ஒரு சொல்லும் இல்லை. அந்த அறிக்கையை எழுதியவன் நான்தான்.

எங்கள் யாப்பில் ஒழுக்காற்று தொடர்பாக இருப்பது ஒரே வரி: "கழகத்தின் நற்பெயருக்குக் களங்கம் விளைவிப்போர் மீது நிர்வாக சபை நடவடிக்கை எடுக்கலாம்." மறுநாள் காலை அந்த வீரரின் தகப்பனார் என் வீட்டுப் படலையில் நின்று, "என்ர பிள்ளையிட்ட ஒரு சொல்லுக் கேட்டனீங்களோ தம்பி?" என்று மட்டும் கேட்டார். நாங்கள் கேட்கவில்லை. இனி என்ன செய்யலாம்? ஒரே தவறுக்கு லீக்கும் கழகமும் தனித்தனியே தண்டிப்பது சரியா?

பழைய நடுவர்:
தம்பி, இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன். சிவப்பு அட்டை பெற்றவர் அடுத்த போட்டியில் ஆட முடியாது என்பது ஃபீஃபாவின் ஒழுக்காற்றுக் கோவைப்படி தானாகவே வந்து சேரும் விளைவு. அதற்கு மேற்பட்ட தடையை நடுவரின் அறிக்கையை வைத்து லீக் தீர்மானிக்கிறது. கழகம் தன் உறுப்பினரைத் தனியாகக் கண்டிக்கலாம். ஆனால் அவர் ஏற்கெனவே அனுபவிக்கும் தண்டனையைக் கணக்கில் எடுக்க வேண்டும். ஆடுகளத்தில் நடந்ததை நடுவர் பார்த்துத் தீர்த்துவிட்டார். அவர் பார்க்காமல் போன ஏச்சைத்தான் கழகம் விசாரித்திருக்க வேண்டும். நீங்கள் தலைகீழாகச் செய்திருக்கிறீர்கள்.

முதற் கேள்விக்கு வருவோம். குற்றஞ்சாட்டப்பட்டவரைக் கேட்காமல் தீர்க்கக் கூடாது, தன் விடயத்தில் தானே தீர்ப்பாளராக இருக்கக் கூடாது என்னும் இரண்டும் இயற்கை நீதியின் அடிப்படைகள். யாப்பில் எழுதப்படவில்லை என்பதற்காக அவற்றைத் தவிர்க்க முடியாது. இரண்டையுமே நீங்கள் ஒரே இரவில் மீறியிருக்கிறீர்கள். விசேட கூட்டம் கூட்டி அந்தத் தீர்மானத்தை இரத்துச் செய்யுங்கள். பிறகு எந்த நாளில், எந்தச் செயலுக்காக, யாப்பின் எந்த வாசகத்தின் கீழ் என்பதை எழுதி இருவருக்கும் தனித்தனிக் கடிதம் கொடுத்து, பதிலளிக்க ஒரு கிழமையாவது விடுங்கள். தலைவர் வாய்மூடி இருந்தால் போதாது. எழுந்து வெளியே போக வேண்டும், அவர் போனது கூட்டறிக்கையில் பதியப்பட வேண்டும்.

ஊரெழுத்து:
ஐயா சொல்வது சட்டப்படி சரி. ஆனால் எங்கள் கழகத்தில் ஒருமுறை தலைவர் வெளியே போனபோது கதிரையில் அமர்ந்த உபதலைவர் அவருடைய சகலன்! விசாரணைக் குழுவுக்கு ஒரே ஊரில் உறவில்லாத மூவரைத் தேடுவது எளிதல்ல. ஆகையால் நாங்கள் அயற்கழகத்தின் மூத்த வீரர் ஒருவரையும் ஓய்வுபெற்ற அதிபர் ஒருவரையும் அழைத்து, மூன்றாமவரை மட்டும் எங்களிடமிருந்து எடுத்தோம். உறவு இருந்தால் அதைத் தொடக்கத்திலேயே சொல்லிப் பதிய வைத்தோம். இங்கும் தலைவர் இணங்காவிட்டால், செல்வாக்குள்ள அரசியல்வாதி ஒருவரைக் கொண்டு பேசுவிப்பதே விரைவான வழி.

பழைய நடுவர்:
உறவைப் பதிய வைப்பது நல்ல யோசனை. கடைசி வசனத்தோடு எனக்கு உடன்பாடில்லை. வெளியார் தலையீட்டைக் காரணம் காட்டி 2023 ஜனவரியில் ஃபீஃபா எங்கள் நாட்டு உதைபந்தாட்டச் சம்மேளனத்தை இடைநிறுத்தியது. அரச தலையீட்டுக்காகச் சர்வதேச கிரிக்கெட் பேரவை அதே ஆண்டு நவம்பரில் நாட்டின் கிரிக்கெட் நிர்வாகத்தை இடைநிறுத்தி, அந்த இடைநிறுத்தத்தை 2024 ஜனவரியில்தான் நீக்கியது. ஊர்க் கழகத்தை அந்த விதிகள் நேரடியாகத் தொடமாட்டா. ஆனாலும் இன்று உங்களுக்காகப் பேசுபவர் நாளை பெறாமகனுக்காகவும் பேசுவார். பிரதேச செயலக விளையாட்டு உத்தியோகத்தரிடம் ஆலோசனை கேட்பது வேறு விடயம், அதைச் செய்யலாம்.

வலைப்பந்து அக்கா:
அந்த வீரரின் வயதை ஒருவரும் கேட்கவில்லையே? பதினெட்டுக்குக் குறைந்தவர் என்றால் பெற்றோர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் விசாரணையில் உட்கார வைக்காதீர்கள். யாப்பைத் திருத்தும்போது இன்னொன்றையும் எழுதிவிடுங்கள்: வளர்ந்தவர் ஒருவர் பிள்ளையை அடித்தார் அல்லது தகாத முறையில் நடந்தார் என்ற முறைப்பாடு, கழகம் உள்ளே வைத்துப் பேசித் தீர்க்கும் விடயமன்று. அது பொலிஸுக்கோ, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கோ உடனே போக வேண்டும். சமாதானம் என்று சொல்லிப் பிள்ளையையும் ஆளையும் எதிரெதிரே இருத்தியதை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளை நிலத்தைப் பார்த்தபடி "ஒண்டுமில்லை" என்றது.

வெள்ளைக்கோடு:
அனைவருக்கும் நன்றி. வீரருக்கு வயது பத்தொன்பது, அக்கா; ஆனாலும் தகப்பனார் வரலாம் என்று கடிதத்தில் எழுதியிருக்கிறேன். நேற்றுக் கூடிய விசேட கூட்டத்தில் ஓராண்டுத் தடை இரத்தானது. பேசி முடியும்வரை தலைவர் வெளியே வேப்பமரத்தடியில் நின்றார். அவருக்கு அது பிடிக்கவில்லை. இருவருக்கும் கடிதம் போய்விட்டது. இன்னும் ஒரு சந்தேகம்: தடை இரத்தானதை வைபர் குழுவிலும் அறிவிக்க வேண்டுமா?

பழைய நடுவர்:
கட்டாயம். எந்த இடத்தில் அந்தப் பிள்ளையின் பெயரைப் போட்டீர்களோ, அதே இடத்தில் திருத்தத்தையும் போடுங்கள். பெறாமகனின் பெயரை மட்டும் விசாரணை முடியும்வரை அங்கே எழுதாதீர்கள். அவரையும் நீங்கள் இன்னும் கேட்கவில்லை.